ஊசி புதுசு

அவர் கை கழுவுவதை முதன்முறை பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்வார். சிவப்பு சோப்பை உள்ளங்கையில் உருட்டி, விரல் இடுக்குகளையும் நகக்கண்களையும் ஒன்று விடாமல் தேய்ப்பார். கழுவிய கையால் குழாயைத் தொட்டால் கழுவியதே வீண் என்பதற்காக, முழங்கையால் தள்ளி மூடுகிற நீளக் கைப்பிடிக் குழாய் ஒன்றை விழுப்புரத்தில் தேடி வாங்கி மாட்டியிருந்தார். துண்டில் துடைக்கமாட்டார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, காற்றில் உலர்த்திக்கொண்டே அறைக்குள் வருவார்.

நெல் ஏலம் நடக்கிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இடுப்பு வலி ஊசிக்காகக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வாய் சும்மா இருக்காது.

"இன்னா கம்பவுண்டரே, ஊசி போடப் போறியா, சாமி கும்புடப் போறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நீ திரும்பி நில்லு."

செஞ்சியில் எங்கள் தெருவில் கம்பவுண்டர் என்றால் அவர் ஒருவர்தான். பெயரை எழுதப்போவதில்லை. அவர் போட்ட ஊசி வழியாகத்தான் எங்களில் பலருக்குக் கல்லீரலைத் தின்கிற கிருமி வந்தது. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். இப்போதும் யாரோ கட்டிவிட்ட பொய் போலத்தான் இருக்கிறது.

நான் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவன். நான்கு எல்லைகளையும் சரிபார்க்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டேன். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியம் இந்த ஊரில் அவர் மேல்தான் அதிகமாக இருந்தது.

ஒரு டாக்டரிடம் இளம் வயதிலிருந்து வேலை பார்த்தவர். டாக்டர் இறந்த பிறகு தன் வீட்டு முன்னறையில் ஊசி போட ஆரம்பித்தார். அதற்கு அவருக்கு உரிமை இல்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை. அந்த அறையில் எப்போதும் பினாயில் வாசனை. பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும் செருப்பு வெளியே. சுவரில் காலண்டர் கிடையாது, தூசி சேரும் என்பார். டீக்கடைக்குத் தன் டம்ளரைக் கொண்டுபோவார். டீக்கடைக்காரர் வாங்கிக்கொண்டே மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்: "அவரு வூட்ல ஈ கூட காலக் கழுவிக்கினுதான் உள்ள போவும்." கம்பவுண்டர் கோபப்படமாட்டார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் ஊற்றுகிறவரின் கட்டைவிரல் வாளிக்குள் மிதந்தது. கம்பவுண்டர் இலையை மூடாமல் எழுந்தார். சண்டை போடப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அவர் அந்த ஆளைத் தோளில் கைபோட்டுக் கை கழுவுகிற இடத்துக்கு அழைத்துப்போய், சோப்பு கேட்டு வாங்கி, குழந்தைக்குச் செய்வதுபோல அவர் கைகளைத் தானே கழுவிவிட்டார். பிறகு வந்து உட்கார்ந்து, "இப்ப ஊத்து" என்றார்.

ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய சின்ன உறையை நம் கண்ணுக்கு நேராக நீட்டுவார்.

"ஊசி புதுசு. பாத்துக்க."

நாம் தலையசைக்கும்வரை அதைக் கிழிக்கமாட்டார். கண் தெரியாத பெரியவர் ஒருவர் வருவார். அவர் கையில் உறையைக் கொடுத்து, ஒட்டு பிரியாமல் இருப்பதை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். போட்டு முடித்ததும் ஊசியை நம் எதிரிலேயே மடக்கி உடைத்து, மூடி போட்ட டின்னில் போடுவார். டின் நிறைந்ததும் பின்பக்கம் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைப்பார்.

ஊசியைச் செருகுகிற சிரிஞ்சுக் குழாயை மட்டும் மாற்றமாட்டார். அது மூடியுள்ள ஸ்டீல் தட்டில் இருக்கும். ஒவ்வொருவருக்குப் பிறகும் அதன் மேல்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, புது ஊசியை மாட்டி, சிவப்பு விட்டமின் மருந்துள்ள பெரிய பாட்டிலின் ரப்பர் மூடியில் குத்தி, கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளி, அடுத்தவருக்கான மருந்தை உறிஞ்சுவார். ரப்பர் மூடியையும் ஒவ்வொரு முறையும் துடைப்பார். உடம்பில் ஊசி இறங்கியதும் உடனே மருந்தை அழுத்தமாட்டார். பின்னால் மெல்ல ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார். ரத்தக்குழாயில் ஊசி பட்டிருந்தால் ரத்தம் வரும், வராவிட்டால்தான் மருந்து. அவசரக்கார டாக்டர்கள் இதைச் செய்வதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார்.

இதில் தவறு எங்கே என்று அன்று கேட்டிருந்தால், எங்கும் இல்லை என்று நான் சாட்சிக் கையெழுத்தே போட்டிருப்பேன்.

அரசு மருத்துவமனையில் முகாம் நடந்தபோது நான் போனது ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளத்தான். வந்தது வந்தீர்கள், கல்லீரலுக்கும் ஒரு சொட்டு கொடுங்கள் என்று லேப்பில் இருந்த பெண் என் விரலைப் பிடித்தாள். சின்ன அட்டை ஒன்றில் ரத்தத்தை விட்டாள். சற்று நேரத்தில் அதில் ஒரு கோடுதான் தெரியவேண்டும், இரண்டு தெரிந்தன.

"பயப்படாதீங்க சார். எப்பவோ ஒரு காலத்துல கிருமி உள்ள வந்துருக்குன்னுதான் இந்தக் கோடு சொல்லுது. இன்னும் இருக்குதா, தானா போயிடுச்சான்னு அந்த மெஷின்தான் சொல்லணும்."

அவள் காட்டியது மேசைமேல் இருந்த ஒரு பெட்டி. காசநோய்க்குச் சளி பார்க்க வாங்கிய பெட்டி அது. அதில் நான்கு கதவுகள். ஒரு நேரத்தில் நான்கு பேருடைய ரத்தத்தை வைக்கலாம். முன்பெல்லாம் இந்தச் சோதனைக்கு ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்புவார்களாம். முடிவு வருவதற்குள் வந்தவர்கள் நடவுக்கோ அறுப்புக்கோ போய்விடுவார்கள், தேடினாலும் கிடைக்கமாட்டார்கள் என்றாள். இப்போது விரல் ரத்தத்தையே சின்ன டப்பாவில் விட்டுப் பெட்டிக்குள் வைத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் தெரிந்துவிடும்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. ஜன்னல் வழியாகக் கோட்டை மலையின் ராஜகிரிப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இருக்குது சார்" என்றாள். "ஹெபடைடிஸ் சி. மூணு மாசம் மாத்திர. இங்கயே ஃப்ரீயா குடுப்பாங்க. போயிடும்." பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேள்விகள் கேட்டாள். ரத்தம் ஏற்றியதுண்டா? ஆபரேஷன்? பச்சை குத்தியதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"வெளிய எங்கனா ஊசி?"

"கம்பவுண்டர்கிட்டதான். அவரு ரொம்பச் சுத்தம்மா."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலைலேந்து இது எத்தினியாவது ஆளுன்னு தெரியல சார். தையக்கடைக்காரரு, கமிட்டி ஆளுங்க, டீக்கடைக்காரரு, எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. 'கம்பவுண்டர்கிட்டதான், ரொம்பச் சுத்தம்.' யாரு சார் அவரு?"

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அவளை அவர் வீட்டுக்கு அழைத்துப்போனதே, அவர் வேலை செய்வதை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காகத்தான்.

கம்பவுண்டருக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் கோபத்தைக் கை கழுவுவதில் காட்டினார். வழக்கத்தைவிட நிறைய சோப்பு போட்டார். உறையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ஊசி புதுசு. பாத்துக்க."

அவள் தலையசைத்தாள். உறை கிழிந்தது. ஊசி குழாயில் மாட்டப்பட்டது.

"கொழாய மாத்தலியா ஐயா?"

"எதுக்கு மாத்தணும்? ஊசிதான ஒடம்புக்குள்ள போவுது? கொழாய் வெளியதான நிக்குது?"

நானும் அதையேதான் நினைத்தேன். அவள் வாதாடவில்லை. தன் கையில் போடுவதுபோல் செய்துகாட்டச் சொன்னாள். அவர் செய்துகாட்டினார்: குத்துதல், மெல்ல ஓர் இழுப்பு, பிறகு அழுத்துதல்.

"இழுக்கறப்ப ரத்தம் வருமா?"

"எப்பனா ஒருத்தருக்கு ஒரு துளி வரும். வந்தா எடுத்துட்டு வேற எடத்துல போடுவேன். ரத்தக்கொழாயில மருந்து போயிடக் கூடாதில்ல?"

"அந்தத் துளி எங்க போவும் ஐயா?"

"கொழாய்க்குள்ள…"

அவர் அந்தச் சொல்லை முடித்ததும் கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு சிவப்பு பாட்டிலைப் பார்த்தார். ஊசி மாறும், குழாய் அதேதான். குழாயில் ஒட்டியது பாட்டிலுக்குள் போகும். பாட்டிலில் இருந்து அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம்கூட வேண்டியதில்லை என்று அந்தப் பெண் எனக்குப் பிறகு சொன்னாள். யாருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொருவருக்கும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றும் சொன்னாள். ஆனால் அவர் அந்த நிமிடமே முழுவதையும் புரிந்துகொண்டுவிட்டார். குழாயைத் தட்டில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவளுக்கும் வயித்துல தண்ணிதான் கட்டுச்சு" என்றார்.

அவர் மனைவியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய நேரமானது. அந்த அம்மாள் சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். அசதி, அசதி என்பார். வாரம் ஒரு விட்டமின் ஊசி. காத்திருப்பவர்களை எழுப்பிவிட்டு மனைவிக்கு முதலில் போடுவது முறையல்ல என்று, எல்லோருக்கும் போட்ட பிறகு கடைசி ஊசியை அவருக்குப் போடுவார். அது நல்ல குணம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கு இருந்தது இதே கிருமிதானா என்பதை இனி எந்தப் பெட்டியும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்குள் அவருடைய மொபெட் வாசலில் நின்றது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"ஏறு தம்பி. எங்கெங்க போட்டனோ அங்கெல்லாம் போயிச் சொல்லணும். நான் மட்டும் போனா நம்ப மாட்டானுங்க. ஒனக்கு வந்துருக்குதுன்னு நீ சொல்லு."

முதலில் டீக்கடை. அங்கே கமிட்டி ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கும் அவர் மனைவிக்கும் இருப்பது முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. கம்பவுண்டரைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். "என் பொண்டாட்டிக்கும் போட்டியேடா!" டீக்கடைக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் நகரவில்லை.

"இன்னொண்ணு அடிச்சுக்க. ஆனா ஒன் தம்பிக்கும் போட்டுருக்கேன். அவன இட்டுக்கினு போ."

அந்த அடி அவருக்கு ஏதோ ஒரு வகையில் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன். கஷ்டம் மற்ற ஊர்களில்தான் இருந்தது. அங்கே யாரும் அவரை அடிக்கவில்லை. யாரும் அவரை நம்பவும் இல்லை. சந்தைக்கு வருகிறபோது அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட சனம் அது. அவர் கை கழுவுவதைப் பார்த்த சனம்.

"யாரோ ஒன்ன நல்லா கொழப்பி வுட்டுருக்காங்க கம்பவுண்டரே. டென்சன் ஆவாத. ஒக்காரு, மோரு குடி."

"மோரு வேணாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவியா மாட்டியா?"

"போறேன், போறேன். இம்மாந்தூரம் வந்துட்ட, முட்டிக்கு ஒண்ணு போட்டுட்டுப் போயேன்."

இப்படித்தான் ஊருக்கு ஊர். தன் மேலேயே பழி சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் வாசல் வாசலாக நிற்கிறார். ஊர் அவருக்காக வாதாடுகிறது. தன் சுத்தத்தைப் பற்றி அவர்கள் ஒவ்வொரு கதையாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதை மொபெட்டின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என் அக்கா. எனக்குப் பெரியவள், கம்பவுண்டருக்கும் பெரியவள். மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். முட்டி வலிக்காக அவரிடம் அவள் போட்டுக்கொண்ட ஊசிகள்தான் எங்கள் குடும்பத்திலேயே அதிகம். கொஞ்ச நாளாக அவள் பாதம் வீங்கியிருந்தது. செருப்பு நுழையவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. இதைக் கேட்டதும் லேப் பெண் என்னிடம் வேறு மாதிரிக் குரலில் பேசினாள்: "அவங்கள முதல்ல இட்டுட்டு வாங்க சார். கல்லீரல் கெட்டுக்கினு இருந்தா தள்ளிப்போடக் கூடாது. இப்ப ஆரம்பிச்சாத்தான் காப்பாத்த முடியும்னு டாக்டரு சொல்றாரு." போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். நடக்கிற கதையாக இல்லை.

நாங்கள் போனபோது அக்கா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா ரெண்டு பேரும் எழவு சொல்ல வந்தவனுங்க மாதிரி நிக்கிறீங்க?"

"யக்கா, ஆஸ்பத்திரில ஒரு டெஸ்டு" என்றார் கம்பவுண்டர். "விரல்ல ஒரு சொட்டு. அவ்ளோதான்."

"எதுக்கு?"

"என்னால ஒனக்கு வியாதி வந்துருக்கலாம்."

அக்கா மல்லாட்டையைக் கீழே போடாமலேயே சிரித்தாள். "ஒன்னாலயா? என் வூட்டுச் சொம்புல தண்ணி குடிக்கறதுக்கு முன்னாடி அத மூணு தபா கழுவறவன் நீ."

"அக்கா, எனக்கும் இருக்குது" என்றேன் நான்.

"ஒனக்கு எங்கனா ஓட்டல்ல தின்னு வந்துருக்கும். அவன ஏண்டா இதுல இழுக்கிற? அந்த மனுசன் மூஞ்சியப் பாரு, சோறு தின்னு ரெண்டு நாளு ஆன மாதிரி இருக்குது."

"காலப் பாத்தியா அக்கா?"

"நடந்தா வத்திப்பூடும். போடா."

கம்பவுண்டர் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு, "மஞ்சத்தூளும் சுண்ணாம்பும் குடுக்கா" என்றார். "ரெண்டு கண்ணாடி டம்ளரும்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள். "இன்னா பெரிம்மா, யாருக்கு ஆலம் சுத்தப் போறீங்க?"

அவர் தொட்டியடிக்குப் போய்க் கை கழுவினார். அக்காதான் தண்ணீர் ஊற்றினாள். சோப்பை அவரே கொண்டுவந்திருந்தார். வழக்கமான நேரம் எடுத்துக்கொண்டார்; பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து டம்ளர் ரத்தமாகச் சிவந்தது. பையில் இருந்து ரப்பர் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலை எடுத்தார். அதில் வெறும் தண்ணீர். ஸ்டீல் தட்டு, குழாய், உறைகள்.

"இந்த டம்ளரு ஒன் தம்பின்னு வெச்சுக்க. பாட்டில்ல இருக்கறது மருந்து." உறையை நீட்டினார். "ஊசி புதுசு. பாத்துக்க."

அக்கா தலையசைத்தாள்.

பாட்டிலில் இருந்து தண்ணீரை உறிஞ்சினார். சிவப்புக்குள் ஊசியை இறக்கினார். மெல்ல ஓர் இழுப்பு. பிறகு அழுத்தினார். ஊசியைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி உடைத்துப் போட்டார். குழாயின் வெளிப்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். இன்னொரு உறையை நீட்டினார். "இதுவும் புதுசு." மாட்டினார். ரப்பர் மூடியைத் துடைத்தார். பாட்டிலுக்குள் குத்தி, வழக்கம்போல உள்ளே கொஞ்சம் காற்றை அழுத்தினார். தெளிந்த தண்ணீருக்குள் ஒரு சிவப்பு இழை இறங்கி, புகை மாதிரி கலைந்து பரவியது.

யாரும் சிரிக்கவில்லை. அவர் அந்தத் தண்ணீரை உறிஞ்சி, இரண்டாவது டம்ளருக்கு மேல் பிடித்தார்.

"இது ஒனக்கு" என்றார். "இப்படித்தான் போட்டேன். எல்லாருக்கும்."

அக்கா பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள். அவள் கேட்டது எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி.

"நீ டெஸ்டு பாத்துக்கினியா?"

"இல்லக்கா. எல்லாரும் பாத்தப்பறம்…"

"அதெல்லாம் வேணாம். நீ விரல நீட்டு, நானும் நீட்றேன். ஒனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். ஒண்ணா ஒக்காந்து மாத்திர தின்னலாம். வண்டிய எடு."

ஷேர் ஆட்டோ பிடித்து அக்காவை அழைத்துவந்தேன். கம்பவுண்டர் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். லேப்பில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெண் அவருடைய விரலைப் பிடித்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்கே ஊசி போட்டவருக்கு ஊசி என்றால் பயம்! தனக்கு என்று ஒரு ஊசி போட்டுக்கொண்டதே இல்லையாம். காய்ச்சல் வந்தால் கஞ்சியும் மாத்திரையும்தான்.

"அட, இவனப் பாரேன்" என்றாள் அக்கா. "இதுக்கா என்ன அவ்ளோ கட்டாயப்படுத்தி இட்டுக்கினு வந்த?"

அக்காவின் அட்டையில் இரண்டு கோடுகள் வந்தன. அவருடையதில் ஒன்றுதான் வந்தது.

"ஒங்களுக்கு இல்ல ஐயா" என்றாள் பெண்.

"இருக்காது. இன்னொரு தபா பாரும்மா."

"கோடு வரல ஐயா. கோடு வராதவங்களுக்கு மெஷின்ல போடறதில்ல. டப்பா கொஞ்சந்தான் வருது."

"பொட்டில போட்டுப் பாரும்மா. எனக்கு இல்லாம எப்படி இருக்கும்? நீயே சொல்லு."

அவர் கெஞ்சிய விதத்தில் அவள் என்னைப் பார்த்தாள். ஊர் ஊராகப் போய் அத்தனை பேரை அந்த லேப்புக்கு வரச் சொன்னவர் என்பதாலோ என்னவோ, சரி என்று இரண்டு டப்பாக்களை எடுத்தாள். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் இருவருடைய ரத்தமும் உள்ளே போனது. இடையில் ஒருமுறை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கீச்சிட்டது, பெட்டியின் விளக்கு அணையவில்லை. அக்கா அவரிடம் வயல், மழை என்று ஏதேதோ பேசினாள். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் யாரும் அப்படி நோய்க்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

பெண் திரையைப் படித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாவுக்கு இருக்குது. நெறைய இருக்குது. ஐயாவுக்குச் சுத்தமா இல்ல."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். தன் முடிவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்தாள்.

"வுடு தம்பி. ஒனக்காவது இல்லாம போச்சே."

அந்தச் சொல்லுக்குக் கமிட்டி ஆள் கன்னத்தில் கொடுத்த அறை எவ்வளவோ மேல். அவர் தலை முட்டிவரை குனிந்துவிட்டது.

டாக்டர் அக்காவை உடனே ஸ்கேனுக்கு விழுப்புரம் போகச் சொன்னார். கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் கைமீறிப் போகவில்லை என்றார். மாத்திரைப் பாட்டிலை அன்றே கொடுத்துவிட்டார்கள். லேப் பெண் எப்போது சாப்பிடுவது, எதை நிறுத்தக் கூடாது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அக்காவுக்குப் பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் பாட்டிலைக் கம்பவுண்டரிடம் நீட்டினாள்.

"இத நீ படிச்சுச் சொல்லு கம்பவுண்டரு. நீ சொன்னாதான் எனக்கு மண்டையில ஏறும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். மூடி பிரியாத, புத்தம்புது பாட்டில். அக்கா கையை நீட்டியபடியே இருந்தாள். அவர் மெல்ல எழுந்து, ஓர் அடி பின்னால் வைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.